சாஃப்ட்வேருக்கு பேர் வைக்கிறது: அது யார் வாய் வழியா போகப் போகுதுங்கறதுதான் கணக்கு

தமிழ்நாட்டு பாடநூல்ல 2018ல புது சிலபஸ் வந்தப்போ பதினொண்ணாம் கிளாஸ் கம்ப்யூட்டர் புக்குல வேர்டு ப்ராசசர், ஸ்பிரெட்ஷீட், பிரசன்டேஷன் மூணையும் ஓப்பன் ஆபீஸ் வச்சுதான் சொல்லிக் குடுத்தாங்க. காசு குடுத்து வாங்க வேண்டாத, லைசென்ஸ் பிரச்சன இல்லாத ஒரு சாஃப்ட்வேரை கவர்மென்ட் ஸ்கூல் பசங்க கத்துக்கட்டும்னு முடிவு பண்ணது ரொம்ப நல்ல விஷயம், அதை எப்பவும் பாராட்டுவேன். ஆனா அந்த புக் அச்சாகி குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து ஸ்கூலுக்கெல்லாம் வந்து சேர்ற நேரத்துல, ஓப்பன் ஆபீஸுக்கு வேலை செஞ்சிகினு இருந்த ஆளுங்கள்ல நெறைய பேரு அதை விட்டு வெளிய போயி எட்டு வருஷம் ஆயிருந்துச்சு. அவங்க போயி ஆரம்பிச்ச லிப்ரே ஆபீஸ்ங்கற பேரு, நான் பேசின பசங்கள்ல முக்காவாசி பேருக்கு தெரியல. ஒரு பேருக்கு எவ்ளோ பலம் இருக்குன்னு காட்ட இதைவிட பக்கத்துல இருக்கிற உதாரணம் கிடைக்காது, அதனால இதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

நடந்தது என்னன்னா, ஓப்பன் ஆபீஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ங்கற அமெரிக்க கம்பெனியோடது. 2010 ஆரம்பத்துல சன்னை ஆரக்கிள்ங்கற இன்னொரு கம்பெனி வாங்கிடுச்சு. ஆரக்கிள் கையில இது உருப்படியா இருக்குமான்னு வேலை செஞ்சவங்களுக்கு பயம் வந்து, 2010 செப்டம்பர் 28ந்தேதி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சு, அதே கோடை, அதாவது அந்த சாஃப்ட்வேருக்காக எழுதின புரோகிராமை, எடுத்துக்கினு வெளிய வந்துட்டாங்க. கோடை எடுத்துக்கலாம், லைசென்ஸ் விடும். பேரை எடுத்துக்க முடியாது, பேரு ட்ரேட்மார்க், அது ஆரக்கிளோடது. அந்த பேரை ஆரக்கிளே மனசு வச்சு குடுத்தா நல்லா இருக்கும்னு கேட்டும் பாத்தாங்க, கிடைக்கல. அதனால லிப்ரே ஆபீஸ்னு வச்சாங்க. 2011ல ஆரக்கிள் பழைய ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி ஃபவுண்டேஷனுக்கு குடுத்துடுச்சு, அங்க அது 2014ல 4.1ன்னு ஒரு வெர்ஷன் விட்டதோட சரி, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் 4.1.1, 4.1.2ன்னு ஒட்டுப்போட்ட சின்ன வெர்ஷனுங்கதான். வேலை எல்லாம் லிப்ரே ஆபீஸ்ல நடந்துச்சு, உபுண்டு மாதிரி லினக்ஸ் எல்லாம் 2011லேயே அதுக்கு மாறிடுச்சு. ஆனாலும் ஜனங்க பழைய பேரைத்தான் தேடி தேடி டவுன்லோட் பண்ணிகினு இருந்தாங்க. கடைசியா 2020 அக்டோபர்ல டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் அப்பாச்சிக்கு வெளிப்படையா ஒரு லெட்டர் போட்டுச்சு, உங்க பேரை நம்பி வர்றவங்ககிட்ட இப்போ வேலை நடக்கிற இடம் இதுன்னு எங்களையும் சொல்லுங்கன்னு. பத்து வருஷம் வேலை செஞ்சும் ஒரு பேரை தாண்டி வர முடியலன்னு அதுக்கு அர்த்தம்.

எங்க வேலூர் சத்துவாச்சாரியில கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிற டிடிபி சென்டருங்கள்ல பாத்தீங்கன்னா, எந்த கம்ப்யூட்டர்லயாவது லிப்ரே ஆபீஸ் போட்டிருந்தாக்கூட ஓனரு அதை "ஓப்பன் ஆபீஸ்"னுதான் சொல்லுவாரு. ஓப்பனும் ஆபீஸும் நம்ம ஊர்ல படிக்காதவங்களும் பேசற வார்த்தைங்க, காதுல விழுந்த உடனே மனசுல தங்கிடும். லிப்ரே அப்படி இல்ல, அது ஸ்பானிஷ், பிரெஞ்சு பக்கத்து வார்த்தை, சுதந்திரமானன்னு அர்த்தம். அந்த அர்த்தம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா போன்ல "லிப்ரே ஆபீஸ் போடுங்க"ன்னு சொன்னா அந்தப் பக்கம் "இன்னா சார், லைப்ரரி ஆபீஸா?"ன்னு கேக்கறாங்க, அப்புறம் எல், ஐ, பி, ஆர், இன்னு எழுத்து எழுத்தா சொல்ல வேண்டியிருக்கு. ஒரு தடவை சொல்லிடலாம், அவரு இன்னொருத்தருக்கு சொல்லும்போது அந்த ஸ்பெல்லிங் கூட போகாது, அங்கயே அறுந்துடும்.

காசுக்கு விக்கிற சாஃப்ட்வேருக்கு சேல்ஸ் ஆளு இருக்கான், கிரிக்கெட் மேட்ச் நடுவுல விளம்பரம் ஓடுது, புது லேப்டாப் வாங்கினா உள்ளயே ட்ரையல் போட்டு வருது. இலவச சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் கிடையாது. அது ஊருக்குள்ள வர்ற ஒரே வழி ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட வாயால சொல்றதுதான், அந்த வாய்க்கு உள்ள நுழையாத பேரு, இல்ல சொல்றதுக்கு கூச்சமா இருக்கிற பேரு வச்சா அந்த ஒரு வழியையும் நாமளே அடைச்ச மாதிரி ஆயிடும். அதனால நல்ல பேரு, கெட்ட பேருன்னு பொதுவா பேசறதுல பிரயோஜனம் இல்ல, அந்த பேரை சுமக்கப் போறது யாரு, புரோகிராமரா, ஸ்டுடியோக்காரரா, டீச்சரா, பேஷண்ட்கூட வந்தவரான்னு பாத்தாத்தான் அது பொருந்துதா இல்லையான்னு சொல்ல முடியும்.

இதுக்கு சரியான எதிர் உதாரணமும் அதே ஆரக்கிள் கதையிலயே இருக்கு. சன்கிட்ட இருந்து ஆரக்கிளுக்கு போன இன்னொரு ப்ராஜெக்ட் ஹட்சன். புரோகிராமருங்க எழுதின கோடை தானா பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ற டூல் அது. அதுலயும் பேரு யாரோடதுன்னு சண்டை வந்து, 2011 ஜனவரியில ஓட்டு எடுத்தாங்க, 214 பேரு பேரை மாத்தலாம்னாங்க, 14 பேரு வேண்டாம்னாங்க. ஜென்கின்ஸ்னு புதுப் பேரு வந்துச்சு. கொஞ்ச காலத்துலயே கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஜென்கின்ஸுக்கு மாறிட்டாங்க, ஹட்சன் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்கு போயி கேக்க ஆளில்லாம 2017ல மூடியே போச்சு. அதே கம்பெனி, அதே சமயம், அதே மாதிரி சண்டை, ஆனா ஒரு இடத்துல பழைய பேரு ஜெயிச்சது, இன்னொரு இடத்துல புதுசு ஜெயிச்சது. ஜென்கின்ஸ் யூஸ் பண்றவங்க எல்லாம் புரோகிராமருங்க, தினமும் அந்த உலகத்து நியூஸ் படிக்கிறவங்க, பேரு மாறினா அன்னிக்கே தெரிஞ்சிடும். ஓப்பன் ஆபீஸ் யூஸ் பண்றவங்க லெட்டர் டைப் பண்றவங்க, மார்க் லிஸ்ட் போடற டீச்சருங்க. அவங்களுக்கு சாஃப்ட்வேர் உலகத்துல யாரு யாரோட சண்டை போட்டாங்கங்கற சேதி வந்து சேர வழியே இல்ல, கையில இருக்கிறது ஒரு பேரு மட்டும்தான்.

இப்போ ஜிம்ப்ங்கற, போட்டோ திருத்தற இலவச சாஃப்ட்வேரோட கதைக்கு வரேன், எனக்கு ரொம்ப வருத்தம் உள்ள கதை இதுதான். 1995ல பெர்க்லி யுனிவர்சிட்டியில ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ்னு ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் ஆரம்பிச்சது. இமேஜ் மேனிபுலேஷன் ப்ரோக்ராம்ங்கறதோட முதல் எழுத்தை எடுத்து முன்னாடி ஜின்னு ஒரு எழுத்தை சேத்தாங்க, அந்த நேரத்துல வந்த ஒரு இங்கிலீஷ் படத்து கேரக்டர் பேரு மனசுல இருந்துதாம். ஆனா இங்கிலீஷ் பேசற ஊர்ல அந்த வார்த்தை கால் ஊனமுள்ளவங்களை கேவலமா சொல்ற வார்த்தை. அங்க ஒரு ஸ்கூல் டீச்சரு, பசங்க முன்னாடி, அதுவும் வீல்சேர்ல ஒரு பையன் உக்காந்திருக்கிற கிளாஸ்ல, இந்தப் பேரை எப்படி சொல்லுவாரு? ஒரு ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட இதை வாங்க வேண்டாம், சும்மா போட்டுக்கலாம்னு எப்படி மெயில் போடறது? பல வருஷமா இதை மாத்துங்கன்னு கேட்டுகினே இருந்தாங்க, ஜிம்ப் டீம் மாத்தல.

நம்ம ஊர்ல அந்த கெட்ட அர்த்தம் யாருக்கும் தெரியாது, இங்க வேற பிரச்சன. லாங் பஜார் பக்கம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக் குடுக்கிற ஒரு ஸ்டுடியோ அண்ணனுக்கு இதை சொல்லிப் பாத்தேன். பழைய போட்டோஷாப், எங்கேருந்தோ வந்த கிராக் வெர்ஷன், அதுல வைரஸ் வந்து ஹார்டு டிஸ்க்கே போயி கல்யாண ஆல்பம் ஃபைல் எல்லாம் காலி. "ணா, ஜிம்ப்னு ஒண்ணு இருக்கு, காசே வேணாம், போட்டுப் பாருங்க"ன்னேன். அவரு ஜிம்னு டைப் பண்ணாரு, வந்ததெல்லாம் தண்டால் எடுக்கிற படம். கடைசி எழுத்து ஒரு பின்னு திருப்பி சொன்னேன். அது வந்ததும் அவரு பையன், காலேஜ் படிக்கிறவன், "அது ஜிம்ப் இல்லப்பா, கிம்ப்"னு திருத்தினான், அவன் சொன்னதுதான் சரி, அதை ஆரம்பிச்சவங்க அப்படித்தான் சொல்றாங்க. அண்ணன் ரெண்டு பேரையும் பாத்துட்டு, "பேரையே ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றீங்க, இதுல எப்படி நான் கஸ்டமர் போட்டோவை போடறது?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. ஒரு பொருள் மேல நம்பிக்கை வர்றதுக்கு முன்னாடி அதோட பேரு மேல நம்பிக்கை வரணும். பக்கத்துல ஃப்ளெக்ஸ் கடையில "கோரல் ஃபைல் இருக்கா?"ன்னு கேக்கறாங்க, கல்யாண வீட்டுல "போட்டோஷாப் பண்ணி முகத்தை கொஞ்சம் வெள்ளையாக்குங்க"ன்னு கேக்கறாங்க. அந்த ரெண்டு பேரும் தொழிலோட வார்த்தையாவே ஆயிடுச்சு. இங்க்ஸ்கேப், கிரிட்டான்னு படம் வரையற இலவச சாஃப்ட்வேருங்கள்லயே சொல்றதுக்கு லேசான பேருங்களும் இருக்கு, அதுங்களை ஒருத்தருக்கு சொல்றது எவ்ளோ சுலபமா இருக்குன்னு நானே பாத்திருக்கேன்.

பேரை மட்டும் மாத்தினா எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் இல்ல. 2019ல கொஞ்ச பேரு ஜிம்ப்போட கோடை எடுத்து கிளிம்ப்ஸ்னு பேரு வச்சு தனியா விட்டாங்க, காரணமே அந்தப் பேருதான். 2021ல நிறுத்திட்டாங்க. கோடு எழுத ஆளு சேரல. வேலை செய்யற கையெல்லாம் பழைய இடத்துலயே இருந்துச்சு, ஜிம்ப் 2025 மார்ச்ல 3.0 விட்டுச்சு, நல்ல வெர்ஷன். நல்ல பேரு ஆளுங்களை வாசல் வரைக்கும் கூட்டிகினு வரும், உள்ள வேலை நடக்கலன்னா அவங்க திரும்பிப் போயிடுவாங்க.

இதுல ஒரு விஷயம் ரொம்ப பேருக்கு தெரியாது. ஜிம்ப் ஆரம்பிச்ச அதே கிம்பாலும் மேட்டிஸும் பின்னாடி இன்னொருத்தரோட சேந்து 2015ல ஒரு டேட்டாபேஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க, அந்த டேட்டாபேஸ் பேரு காக்ரோச் டிபி. கரப்பான்பூச்சி! எதை போட்டு அடிச்சாலும் சாவாது, ஒரு சர்வர் போனாலும் டேட்டா நிக்கும்ங்கறது கருத்து. பேரைக் கேட்டு முகம் சுளிக்கறவங்க நெறைய, ஆனாலும் பெரிய பெரிய கம்பெனிங்க வாங்கினாங்க. ஏன்னா டேட்டாபேஸ் எதுன்னு முடிவு பண்றது இன்ஜினியருங்க, அவங்க பேரை ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் உள்ள என்ன இருக்குன்னுதான் பாப்பாங்க, அதை கஸ்டமர் முன்னாடி உச்சரிக்க வேண்டிய அவசியமும் இல்ல. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் அப்படித்தான். பெர்க்லியில 1986ல போஸ்ட்கிரெஸ்னு ஆரம்பிச்சது, 1996ல கடைசியில கியூஎல் ஒட்ட வச்சாங்க, அன்னிலேருந்து எப்படி சொல்றதுன்னு யாருக்கும் ஒரே பதில் இல்ல. அதோட முக்கியமான டெவலப்பர் டாம் லேனே, பழைய பேருக்கு திரும்பாம அப்படி வச்சது இந்த ப்ராஜெக்ட் பண்ணதுலயே பெரிய தப்புங்கற மாதிரி சொல்லியிருக்காரு. ஆனாலும் இன்னிக்கு உலகத்துல ரொம்ப நம்பற டேட்டாபேஸுங்கள்ல அது ஒண்ணு. கோடுல யாரு என்ன மாத்தினாங்கன்னு கணக்கு வைக்கிற கிட்ங்கற டூலும் அப்படித்தான், பிரிட்டிஷ்காரங்களுக்கு அது திட்டற வார்த்தை, புரோகிராமருங்க யாரும் கண்டுக்கல.

அப்போ டெவலப்பர் டூலுக்கு எப்படி வேணா பேரு வைக்கலாம்னு எடுத்துக்கக் கூடாது. பிரான்ஸ்ல கணித நிரூபணம் சரியான்னு செக் பண்ற காக்னு ஒரு டூல், அவங்க பாஷையில சேவல், இங்கிலீஷ் காதுக்கு அது ஆபாசமான ஒரு வார்த்தை மாதிரி கேக்கும். அதுல ஆராய்ச்சி பண்ற பொண்ணுங்க நான் இதுலதான் வேலை செய்யறேன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவன் இளிக்கிறான், அதை அவங்க எத்தனை வருஷம் பொறுத்துக்கணும்? கடைசியில அது முதல்ல உருவான ரோகன்கூர்ங்கற ஊரு பேரை வச்சு ராக்னு மாத்தினாங்க, 2025ல அந்தப் பேர்லயே வெர்ஷன் வந்துச்சு. கூட்டம் சின்னதா இருந்தாலும் அதுக்குள்ள ஒரு பாதி பேருக்கு சொல்ல கூச்சமா இருந்தா அது நஷ்டம்தான், மாத்தினது ரொம்ப சரி.

அடுத்து, பேரு நம்மளோடதா இருக்கணும். ஃபயர்ஃபாக்ஸ் 2002ல வந்தப்போ ஃபீனிக்ஸ்னு பேரு, அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு கம்பெனி இருந்துச்சு, மாத்து. 2003ல ஃபயர்பேர்டுன்னு வச்சாங்க, அதே பேர்ல ஒரு டேட்டாபேஸ் இருந்துச்சு, அவங்க கோவப்பட்டாங்க, அதையும் மாத்து. 2004 பிப்ரவரியில ஃபயர்ஃபாக்ஸ் ஆச்சு, நவம்பர்ல 1.0 வந்துச்சு. நல்லவேளை எல்லாம் 1.0க்கு முன்னாடியே முடிஞ்சுது, பெரிய கூட்டம் வர்றதுக்குள்ள பேரு நிலைச்சுடுச்சு. சாட் பண்ற கெய்ம்ங்கற சாஃப்ட்வேரு ஏஓஎல்ங்கற கம்பெனியோட ட்ரேட்மார்க்கால 2007ல பிட்ஜின் ஆச்சு. நெட்வொர்க்ல போற பாக்கெட்டை பிடிச்சுப் பாக்கற எத்தீரியல், அதை எழுதினவரு 2006ல வேலை மாறினப்போ பேரு பழைய கம்பெனியிலயே மாட்டிக்கிச்சு, அதனால வயர்ஷார்க் ஆச்சு, எனக்கு என்னமோ இந்த ரெண்டாவது பேருதான் நூறு மடங்கு நல்லா இருக்கு. காசு கொட்டிக் கிடக்கிற மைக்ரோசாஃப்ட்டே 2014ல ஸ்கைட்ரைவை ஒன்ட்ரைவ்னு மாத்த வேண்டி வந்துச்சு, பிரிட்டன்ல ஸ்கை டிவி கம்பெனி கேஸ் போட்டு ஜெயிச்சதால.

எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்னு ஒண்ணு இருந்துச்சு, எக்ஸ்பிஎம்சி. எக்ஸ்பாக்ஸ்ங்கற கேம் மெஷினுக்காக எழுதினது, அப்புறம் எக்ஸ்பாக்ஸை தவிர எல்லாத்துலயும் ஓட ஆரம்பிச்சுடுச்சு. டிவியில போட்டு படம் பாக்க நெனைக்கிற சாதாரண ஆளுக்கு எக்ஸ்பாக்ஸ் வாங்கணுமோன்னு சந்தேகம் வரும், அதனால 2014ல கோடின்னு மாத்தினாங்க. இன்னிக்கு இருக்கிற மெஷின், இன்னிக்கு இருக்கிற ஒரு வசதி, இதை பேர்ல கட்டிப்போட்டா நாளைக்கு அவிழ்க்கறது கஷ்டம்.

தேடினா கிடைக்கணும்ங்கறது இன்னொண்ணு. கூகுள் தானே 2009ல விட்ட லாங்குவேஜுக்கு கோன்னு பேரு வச்சுச்சு, தேடல் கம்பெனியே தேட முடியாத பேரு வச்சதால ஜனங்க தானாவே கோலாங்னு சொல்லி தேட ஆரம்பிச்சாங்க. நம்ம சென்னையில இருக்கிற சிடாக்ங்கற மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் பண்ண பாஸ் லினக்ஸ், அரசு குடுத்த இலவச லேப்டாப்புலயும் வந்துச்சே, அதுவும் அதே மாதிரி. பாஸ்னு தேடினா சினிமா வரும், ஸ்பீக்கர் வரும், தமிழ்ல எழுதினா பரீட்சை பாஸா முதலாளி பாஸான்னு தெரியாது. பசங்க லேப்டாப்ல விண்டோஸையே யூஸ் பண்ணதுக்கு பேரு மட்டும் காரணம் இல்ல, ஆனா ஒரு சந்தேகம் வந்து உதவி தேடினா கிடைக்காத பேரு வச்சது கஷ்டத்தை கூட்டிச்சு.

தமிழ் சாஃப்ட்வேருங்க பேரை எடுத்துக்கினா எனக்கு பெருமையா இருக்கும். மொபைல்ல தமிழ் அடிக்கிறதுக்கு 2005ல வந்த செல்லினம், வல்லினம் மெல்லினம் படிச்ச எந்த தமிழனுக்கும் கேட்ட உடனே சிரிப்பும் சந்தோஷமும் வரும், செல்போனும் இலக்கணமும் ஒரே வார்த்தையில உக்காந்திருக்கு. எ-கலப்பை, அழகி, முரசு அஞ்சல், பிழை திருத்தற வாணி, சந்தி பாக்கற நாவி, தமிழ்லயே புரோகிராம் எழுதற எழில், ஒவ்வொண்ணும் யோசிச்சு வச்ச பேரு. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, நம்மாளுங்க தேடறது இங்கிலீஷ் எழுத்துல. கலப்பைக்கு ஒரு பியா ரெண்டு பியா, ஒரு எல்லா ரெண்டு எல்லா? அழகி, எழில்ல வர்ற ழவுக்கு சிலர் இசட் ஹெச் போடறாங்க, சிலர் எல் போடறாங்க, சிலர் வெறும் இசட் போடறாங்க. தமிழ்ல எவ்ளோ அழகா இருந்தாலும் இங்கிலீஷ்ல எழுதும்போது நாலு ஸ்பெல்லிங் ஆயிட்டா நாலுல மூணு பேரு வேற எங்கயோ போய் நிப்பாங்க. அதுக்காக ழவை விட்டுடணும்னு சொல்ல மாட்டேன், வர்ற ஸ்பெல்லிங் எல்லாத்தையும் வெப்சைட்ல ஒரு ஓரமா எழுதி வச்சாலே தேடறவங்களுக்கு கிடைச்சிடும், அதை செய்யறவங்க ரொம்ப கம்மி.

பேரு ஊரு பூரா பரவறதை கண்ணால பாக்கணும்னா ஆற்காட்டுல மக்கன் பேடா கடை கல்லாவுல நின்னு பாருங்க. 2016 டிசம்பர் 30ந்தேதி பணம் அனுப்பறதுக்கு பீம் ஆப் வந்துச்சு, அம்பேத்கர் பேருல வச்சது. இந்த மண்ணுக்கு அந்தப் பேரு புதுசு இல்ல, 1989ல வட ஆற்காட்டை ரெண்டா பிரிச்சப்போ இந்தப் பக்கத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னே பேரு இருந்துச்சு. அதனால பீம் இங்க நல்லா ஒட்டிக்கும்னு நெனச்சேன். அடுத்த வருஷம் கூகுள் தேஸ்னு ஒண்ணு விட்டுச்சு, இந்தியில வேகம்னு அர்த்தம், நம்ம பக்கம் யாருக்கும் ஒண்ணும் புரியல. 2018ல அதையே கூகுள் பேன்னு மாத்தினாங்க, ஜனங்க சுருக்கி ஜிபேன்னாங்க, இப்போ எந்த ஆப்ல அனுப்பினாலும் "ஜிபே பண்ணிடு"தான். "பீம் பண்ணிடு"ன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. ஸ்கிராட்ச் கார்டு, கேஷ்பேக் எல்லாம் குடுத்து இழுத்தாங்கங்கறது பெரிய காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனா ஜிபேங்கறதுல பணம் குடுக்கிற வேலையே பேருக்குள்ள இருக்கு, ரெண்டு அசை, கூட ஒரு "பண்ணு" சேத்தா வினைச்சொல் ரெடி. போன்பே வச்சவங்க இந்தியில போன்மேலங்கற அர்த்தத்தையும் சேத்து நெனச்சு வச்சாங்க, நம்மாளுங்களுக்கு போன்ல பே பண்றதுன்னு அதுவும் சரியா உக்காந்துடுச்சு. அந்த கடைசி "பே"வுக்காக போன்பேவும் பாரத்பேவும் வருஷக்கணக்கா கோர்ட்டுல நின்னு 2024லதான் சமாதானம் ஆனாங்க, ஒரு எழுத்துக்கு அவ்ளோ மதிப்பு.

ஜோஹோவோட அரட்டை ஆப்பும் இங்க சொல்லியாகணும். 2021ல வந்து அமைதியா இருந்தது, 2025 செப்டம்பர் அக்டோபர்ல திடீர்னு நாடு பூரா டவுன்லோட் ஆச்சு. வடக்க இருக்கிறவங்க பேரு வாயில நுழையலன்னாங்க, மாத்துங்கன்னாங்க. தமிழ்ப் பேரு ஒண்ணு டெல்லி வரைக்கும் போறதை பாக்க எனக்கு அவ்ளோ சந்தோஷம், மாத்தாம இருந்தது சரின்னுதான் இன்னமும் நெனைக்கிறேன். அந்த வேகம் அப்புறம் குறைஞ்சதுக்கு பேரை குத்தம் சொல்றதும் சரியில்ல. அந்த நேரத்துல டெக்ஸ்ட் மெசேஜுக்கு எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன், அதாவது அனுப்பறவரும் வாங்கறவரும் தவிர வேற யாரும் படிக்க முடியாத பூட்டு, இல்ல, அதுக்கு மேல எல்லாருடைய சொந்தக்காரங்களும் வாட்ஸப்லதான் இருக்காங்க. ஒண்ணு மட்டும் தோணுது, நம்ம வீட்டுல "அரட்டை அடிக்காத, படி"ன்னு திட்டு வாங்கி வளந்த வார்த்தை அது. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள அருமையா இருக்கும், ஒரு ஆஸ்பத்திரி டிபார்ட்மென்ட் குரூப்பை அரட்டையில ஆரம்பிக்கலாம்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்றதுக்கு நர்ஸுங்க கொஞ்சம் தயங்குவாங்க.

காட்பாடி, பாகாயம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க ப்ராஜெக்ட் பேருக்கு என்கிட்ட வரும்போது இதையெல்லாம் சொல்றேன். அவங்க வைக்கிற பேரு ரெண்டு வகைதான். ஒண்ணு ஸ்மார்ட் அது இது சிஸ்டம் யூசிங் ஐஓடின்னு நீளமா, அது பேரே இல்ல, விவரம். இன்னொண்ணு எழுத்தெல்லாம் சேத்து கஷ்டப்பட்டு ஒரு சுருக்கம். விஐடியில நடக்கிற கிராவிடாஸ் மாதிரி, காலேஜ் பேரு நடுவுல ஒளிஞ்சிருக்கிற பேரு, அது நல்லா அமைஞ்சுடுச்சு, எல்லாத்துக்கும் அப்படி அமையாது. நம்ம பக்கத்துல பேரு வைக்கிறது இன்னும் கவனமா செய்ய வேண்டிய வேலை, ஏன்னா இது ஒரே பாஷை ஊரு இல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்துல உருது, சித்தூர் பார்டர் பக்கம் தெலுங்கு, சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்ல பெங்காலி. தோல் ஷாப்புக்கு அட்டென்டன்ஸ் ஆப் எழுதினா அதை தமிழ் சூப்பர்வைசரும் சொல்லணும், உருது பேசற அம்மாவும் சொல்லணும்.

இப்போ ஒரு டீம் சிஎம்சிக்கு வர்ற பேஷண்ட்ஸ்கூட வர்றவங்களுக்கு பக்கத்து லாட்ஜுல ரூம் காலியா இருக்கான்னு காட்ற ஆப் பண்றாங்க. நிழல்னு பேரு வச்சிருந்தாங்க, கருத்து அருமை, வெயில்ல அலையறவங்களுக்கு நிழல். ஆனா அந்த தெருவுல லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலியில இருக்கு, வர்றவங்க வேலூரையே பேலோர்னு சொல்றவங்க, இங்கிலீஷ்ல எழுதின நிழலை நிஜாலுன்னு படிச்சாங்க, ஒருத்தரு நிஷால்னாரு. ரிசப்ஷன்ல இருக்கிற தம்பிதான் வழி சொன்னான், ரூம் குடுக்கும்போது நாங்க சாவின்னு சொன்னா அவங்களுக்கு உடனே புரியும், அவங்க சாபின்னு சொல்லுவாங்க, உருதுக்காரங்களும் அதேதான்னு. போர்ச்சுகீஸ்காரங்ககிட்ட இருந்து எல்லாருக்கும் வந்த வார்த்தை அது, அதனால எல்லா வாயிலயும் இருக்கு. டீம் பசங்க அதையே வைக்கலாம்னு இருக்காங்க, இப்போ ப்ளே ஸ்டோர்லயும் ட்ரேட்மார்க் சைட்லயும் அந்தப் பேர்ல வேற யாராவது இருக்காங்களான்னு தேடிகினு இருக்காங்க, இருந்தா முன்னாடி ரூம்னு சேத்து ரூம்சாவின்னு வைப்பாங்க.